சுழற்சி முறையும் அமெரிக்க மாநிலத் தேர்தல்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாநிலத் தேர்தல் அட்டவணையை முதன்முறை காண்போர்க்கு அதில் ஒழுங்கு எதுவும் இருப்பதாகத் தோன்றுவதில்லை. 2022ஆம் ஆண்டில் 46 மாநிலங்களில் சட்டசபைத் தேர்தல் நடைபெற்றது. மறு ஆண்டில் நான்கு மாநிலங்களில் மட்டும் நடைபெற்றது. 2024இல் 44 மாநிலங்கள். 2025இல் இரண்டே மாநிலங்கள். மாநிலங்களின் தொகை ஐம்பதாகவே நிற்க, தேர்தல் காணும் மாநிலங்களின் தொகை இவ்வாறு ஏறியும் இறங்கியும் வருகின்றது. அவைகளாக எண்ணப் புகின் சிக்கல் இன்னும் பெருகும். நெப்ராஸ்கா மாநிலம் ஓரவை உடையது. ஏனைய நாற்பத்தொன்பதும் ஈரவை உடையன. எனவே நாட்டிலுள்ள மாநில அவைகள் 99. இவற்றுள் 2022இல் தேர்தலுக்கு வந்தவை 88. 2024இல் வந்தவை 85. அவ்வாறு வந்த அவைகளிலும் சிலவற்றில் எல்லா ஆசனங்களும் வந்தன. சிலவற்றில் பாதி ஆசனங்களே வந்தன. இலினோய் மாநிலத்து மூதவையில் 2024இல் முறைப்படி வந்தவை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. இடையிடையே வெறுமையாகும் ஆசனங்களுக்கு நடைபெறும் இடைத்தேர்தல்கள் இக்கணக்கிற் சேரா.

இவ்வேறுபாட்டுக்கு நேரிய காரணம் ஒன்றுண்டு. தன் சட்டசபை எப்பொழுது, எவ்வளவு காலத்துக்கு, எம்முறையில் தெரிவு செய்யப்படல் வேண்டுமென்பதை ஒவ்வொரு மாநிலத்தின் அரசியலமைப்புமே வரையறுக்கின்றது. வாஷிங்டனிலுள்ள சமஷ்டி அரசு இதில் நாள் குறிப்பதில்லை. பதவிக்காலம் ஈராண்டா நான்காண்டா என்பதும், தேர்தல் ஒற்றைப்பட ஆண்டிலா இரட்டைப்பட ஆண்டிலா என்பதும் எளிதில் விளங்குவன. அவை முழுவதும் ஒருங்கே கலைந்து புதிதாகின்றதா, அன்றிப் பகுதி பகுதியாகப் புதுக்கப்படுகின்றதா என்பதே வரலாற்று மாணவனின் கருத்தை ஈர்க்கும் வினாவாகும். உறுப்பினரை வகுப்புகளாகப் பிரித்து, ஒரு வகுப்பினர் ஓய்வுபெற மற்றையோர் தொடர்ந்திருக்கச் செய்யும் இவ்வேற்பாடு பழைய ஆசிரியர்களால் சுழற்சி முறை எனப்பட்டது. தொகுதிகளின் எல்லைகள் அசையாதிருந்த காலத்தில் வகுக்கப்பட்ட முறை அது. அவ்வெல்லைகள் பத்தாண்டுக்கொருமுறை அசையத் தொடங்கியபின், அதனை வைத்திருப்பதா விடுப்பதா, வைத்திருப்பின் எவ்வாறு திருத்துவதென ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே முடிவு செய்யவேண்டியதாயிற்று. இன்றைய அட்டவணையின் குழப்பம் பெரும்பாலும் அம்முடிவுகளின் விளைவேயாம்.

சுழற்சி முறையின் வேரை ஆங்கில நாட்டிலேயே தேடவேண்டும். முடியாட்சி நீங்கியிருந்த காலத்தில், 1656ஆம் ஆண்டில், ஜேம்ஸ் ஹரிங்டன் என்பார் 'ஓசியானா' என்னும் நூலை வெளியிட்டார். கற்பனைக் குடியரசு ஒன்றை விவரிக்கும் அந்நூலில் மூதவையின் மூன்றிலொரு பங்கினர் ஆண்டுதோறும் விலகிப் புதியோர்க்கு இடம் கொடுப்பர். ஆங்கில நாட்டில் அத்திட்டம் ஏட்டளவில் நின்றது. கடல் கடந்து சென்றபின்னரே அதற்கு உயிர் வந்தது. 1682ஆம் ஆண்டில் வில்லியம் பென் தமது குடியேற்ற நாடாகிய பென்சில்வேனியாவுக்கு வகுத்த ஆட்சித்திட்டத்தில் 72 உறுப்பினர் கொண்ட ஆலோசனைச் சபை ஒன்று காணப்படுகின்றது. அதன் உறுப்பினரில் ஒரு பங்கினர் ஓராண்டும், ஒரு பங்கினர் ஈராண்டும், எஞ்சியோர் மூவாண்டும் இருந்து விலகல் வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் மூன்றிலொரு பங்கு புதுக்கப்படும். காடு வெட்டிக் கழனி திருத்திக்கொண்டிருந்த மக்களிடம் எழுபத்திரண்டு ஆலோசகரைத் தேடுதல் எளிதன்று. மறு ஆண்டிலேயே பதினெண்மர் இருப்பினும் போதுமெனத் திட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் சுழற்சிக் கொள்கை நிலைத்தது.

1776ஆம் ஆண்டில் பிரித்தானிய முடியைத் துறந்த குடியேற்ற நாடுகள் தத்தமக்கு அரசியலமைப்புகளை எழுதிக்கொண்டபோது அக்கொள்கை மீண்டும் தலையெடுத்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில் வேர்ஜீனியா ஏற்றுக்கொண்ட அமைப்பின்படி மூதவையினர் 24 பேர். அவர்களின் தொகுதிகள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுத் திருவுளச்சீட்டினால் எண்ணிடப்பட்டன. ஆண்டுக்கு அறுவர் விலகினர். 1777இல் நியூ யோர்க்கும் 24 பேரை நான்கு வகுப்புகளாகவே பிரித்தது. டெலவெயரின் வழி தனியானது. அங்கு மூன்று மாவட்டங்களும் மும்மூன்று பேராக ஒன்பதின்மரைத் தெரிந்தன. முதலாண்டு முடிவில் விலக வேண்டியவர் யார்? திருவுளச்சீட்டை நாடாது, ஒவ்வொரு மாவட்டத்திலும் மிகக் குறைந்த வாக்குப் பெற்றவரே முதலில் விலகுவரென அவ்வமைப்பு விதித்தது. மிகுந்த வாக்குப் பெற்றவர்க்கு நீண்ட காலம், குறைந்த வாக்குப் பெற்றவர்க்குக் குறுகிய காலம் என்னும் இவ்விதி, மக்கள் தீர்ப்புக்குச் சீட்டைவிட அதிக மதிப்பளித்தது எனலாம். பின்வந்தோர் பலர் அதனைக் கைக்கொள்ளாமற் போனது வியப்புக்குரியது. மேரிலன்டோ இவற்றில் எதனையும் ஏலாது, தன் மூதவையினர் பதினைவரையும் தேர்வாளர் குழுவொன்றின் வாயிலாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒருங்கே தெரிந்தது.

அக்காலத்துக் கீழவைகளின் நிலையையும் உடன்வைத்து நோக்கினாலன்றி இவ்வேற்பாட்டின் கருத்து விளங்காது. ஆண்டுத் தேர்தலே சுதந்திரத்தின் காவல் என்பது அத்தலைமுறையினரின் உறுதியான நம்பிக்கை. கனெக்ரிகட்டும் ரோட் ஐலண்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேர்தல் நடத்தின. தென் கரோலினா ஈராண்டுக்கு ஒருமுறை நடத்தியது. ஏனையவற்றில் கீழவை ஆண்டுதோறும் கலைந்தது. இவ்வாறு ஓயாது மாறும் அவைக்குப் பக்கத்தில் சிறிது நிலைபேறுடைய அவை ஒன்று தேவை எனவும் அவர்கள் எண்ணினர். நெடுங்காலம் அசையாதிருக்கும் அவையைக் கண்டு அஞ்சவும் செய்தனர். சுழற்சி முறை இவ்விரண்டு எண்ணங்களுக்கும் இடம் கொடுத்தது. உறுப்பினரின் காலம் நீண்டதாயினும் அவை ஆண்டுதோறும் மக்கள் முன் சென்றது. மக்கள் முன் சென்றபோதும் அது முற்றாக மாறிவிடவில்லை.

1787இல் பிலடெல்பியாவிற் கூடிய அரசியலமைப்பு மாநாட்டில் சமஷ்டி மூதவையின் காலம்பற்றிப் பல கருத்துகள் எழுந்தன. நான்காண்டு என்றார் சிலர். ஏழாண்டு என்றார் சிலர். ஒன்பதாண்டு என்றாரும் உளர். வட கரோலினாவைச் சேர்ந்த ஹியூ வில்லியம்சன், சுழற்சிக்கு ஏழினும் ஆறே வசதியான எண் என யூன் 25ஆம் நாளில் எடுத்துக் காட்டினார். ஏழைச் சம பங்காக வகுத்தல் இயலாது. ஆறை மூன்றால் வகுக்கலாம். மறுநாள் ஆறாண்டுக் காலமும், ஈராண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் விலகுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. உலகின் பெருஞ் சபைகளுள் ஒன்றன் பதவிக்காலத்தை உறுதிசெய்ததில் வகுத்தற் கணக்குக்கும் ஒரு பங்கிருந்தது.

முதன் மூதவை 1789 மே மாதத்தில் தன் உறுப்பினரை வகுத்துக்கொண்டது. நியூ யோர்க் தன் மூதவையினரை அதுவரை தெரிந்திலது. வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் அமைப்பை இன்னும் ஏற்றில. எனவே இருந்தோர் 20 பேரே. அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே மாநிலத்தார் இருவர் ஒரே குழுவில் இடம்பெறாதவாறு கவனிக்கப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்ட மூன்று தாள்கள் சுருட்டிப் பெட்டியில் இடப்பட்டன. குழுவுக்கு ஒருவராக லாங்டன், விங்கேட், டால்ட்டன் ஆகியோர் எடுத்தனர். டால்ட்டன் கையில் வந்தது முதலெண். அவர் குழுவினர் எழுவர்க்கும் ஈராண்டே கிடைத்தது. அவ்வெழுவருள் ஒருவர் பென்சில்வேனியாவின் வில்லியம் மெக்லே. அவருடன் அதே மாநிலத்தால் தெரியப்பட்ட ரொபட் மொறிஸ் ஆறாண்டு பெற்றார். 1791இல் மெக்லேயின் காலம் முடிந்தபோது அம்மாநிலச் சட்டசபை அவரையும் தெரியவில்லை, பிறரையும் உடன்பட்டுத் தெரியவில்லை. அவ்வாசனம் ஏறக்குறைய ஈராண்டு வெறுமையாயிருந்தது. முதன் மூதவையின் விவாதங்களைத் தம் நாட்குறிப்பிற் பதிந்து வைத்து வரலாற்றாசிரியர்க்குப் பேருதவி புரிந்த அம்மனிதரின் அரசியல் வாழ்வைச் சுருக்கியதில் சுருட்டிய தாளொன்றுக்கும் பங்குண்டு.

இம்முறை இலங்கையருக்கு முற்றும் புதியதன்று. சோல்பரி அரசியலமைப்பின்கீழ் 1947 முதல் 1971 வரை இயங்கிய இலங்கை மூதவையின் 30 உறுப்பினரும் ஆறாண்டுக் காலத்தவரே. அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் ஈராண்டுக்கு ஒருமுறை ஓய்வுபெற்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்றிசையில் எழுந்த புதிய மாநிலங்கள் பல, சமஷ்டி மூதவையைப் பார்த்துத் தம் மூதவைகளை அமைத்தன. ஆறாண்டு அவற்றுக்கு நீண்டதாகப் பட்டது. நான்காண்டும், ஈராண்டுக்கு ஒருமுறை பாதிப்பேர் விலகுதலும் பொதுவழக்காயின. கீழவைக்கு ஈராண்டு, மூதவைக்கு நான்காண்டு, இரட்டைப்பட ஆண்டுதோறும் கீழவை முழுவதும் மூதவையிற் பாதியும் தேர்தலுக்கு வரும். பென்சில்வேனியா, ஒஹாயோ, விஸ்கொன்சின், கலிபோர்னியா முதலியன இன்றும் இவ்வாறே நடக்கின்றன. தொகுதிகளுக்கு எண்ணிட்டு, ஒற்றையெண்ணுடையன ஒரு தேர்தலிலும் இரட்டையெண்ணுடையன மறு தேர்தலிலும் வரச் செய்தலே இம்மாநிலங்களிற் கையாளப்படும் உபாயம்.

விலகாது எஞ்சியிருக்கும் பாதியால் விளையும் பயன் யாது, கேடு யாது என்பதற்கு இலினோய் மாநிலத்தின் 1858ஆம் ஆண்டுத் தேர்தலைக் காட்டிலும் புகழ்பெற்ற சான்று இல்லை. அக்காலத்தில் சமஷ்டி மூதவையினரை மக்கள் நேரே தெரியவில்லை. மாநிலச் சட்டசபையே தெரிந்தது. 1913இல் நிறைவேறிய பதினேழாம் திருத்தமே அவ்வழக்கை மாற்றியது. ஆபிரகாம் லிங்கனும் ஸ்ரீவன் டக்ளசும் ஓகஸ்ட் 21 தொடக்கம் ஒக்ரோபர் 15 வரை ஏழு ஊர்களில் எதிரெதிரே நின்று அடிமை முறை பரவுதல்பற்றி வாதிட்டனர். பல்லாயிரவர் கூடிக் கேட்டனர். ஆயினும் வாக்குச்சீட்டில் அவ்விருவர் பெயரும் இல்லை. மக்கள் தெரிந்தது சட்டசபையினரை. இலினோயின் மூதவையில் 25 பேர், கீழவையில் 75 பேர், ஆகமொத்தம் நூற்றுவர். மூதவையில் 13 பேர் முன்னைய தேர்தலில் வந்து காலம் முடியாதிருந்தோர். எனவே 1858இல் மக்கள் நிரப்பிய ஆசனங்கள் 87 மட்டுமே. எஞ்சிய பதின்மூவருள் எண்மர் டக்ளசின் சனநாயகக் கட்சியினர். ஐவர் லிங்கனின் குடியரசுக் கட்சியினர்.

மாநிலம் முழுவதையும் ஒன்றாக எண்ணிய பதவிகளுக்கான வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சி சிறிது முந்தியது. சட்டசபையிலோ அது பிந்தியது. 1859 ஜனவரி 5ஆம் நாள் இரு அவைகளும் கூடி வாக்களித்தபோது டக்ளஸ் 54, லிங்கன் 46. இத்தோல்விக்குச் சுழற்சி முறையே காரணமெனச் சிலர் கூறுவதுண்டு. எண்களைக் கூட்டிப் பார்ப்பின் அது முழு உண்மையன்று. பழைய பதின்மூவரையும் நீக்கிவிட்டாலும் புதியோருள் டக்ளசுக்கு 46, லிங்கனுக்கு 41. தோல்விக்கு முதற்காரணம் தொகுதிப் பங்கீடே. 1850ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை அடிப்படையாகக் கொண்டு வகுத்த தொகுதிகள், அதன்பின் விரைந்து பெருகிய வட இலினோயின் மக்கட்டொகைக்கு உரிய ஆசனங்களை அளிக்கவில்லை. லிங்கனுக்கு வலிமை தந்தது அவ்வடபகுதியே. முன்னைய தேர்தலின் எச்சமாகிய பதின்மூவர் ஐந்து வாக்கு வேறுபாட்டை எட்டாக்கினர். ஒன்று பழைய எல்லை. மற்றொன்று பழைய வாக்கு. இவை இரண்டும் ஒருங்கு கூடும்போது சட்டசபை மக்களின் அன்றைய மனத்தினின்றும் எவ்வளவு தொலைவு விலகி நிற்கக்கூடும் என்பதை அத்தேர்தல் காட்டியது.

சுழற்சி முறையை முதலில் கைக்கொண்டவையே அதனை விரைவிற் கைவிட்டன என்பது கருதத்தக்கது. நியூ யோர்க் 1846ஆம் ஆண்டு அரசியலமைப்பினால் மூதவையினரின் காலத்தை ஈராண்டாகக் குறைத்து, எல்லோரையும் ஒருங்கே தெரியத் தொடங்கியது. காலமே ஈராண்டாயின் வகுப்புகளுக்கு வேலையில்லை. இன்று 12 மாநிலங்களில் மூதவையின் காலம் எப்பொழுதும் ஈராண்டே. அவற்றில் இரட்டைப்பட ஆண்டுதோறும் இரு அவைகளும் முழுமையாகத் தேர்தலுக்கு வருகின்றன. வேர்ஜீனியா எதிர்த்திசையிற் சென்றது. அதன் மூதவையினர் நாற்பதின்மர்க்கும் நான்காண்டுக் காலம். அனைவரும் ஒரே நாளில் தெரியப்படுகின்றனர். 1776இல் நான்கு வகுப்புகளாகப் பிரிந்து நின்ற அவையின் வழித்தோன்றலில் இன்று வகுப்பே இல்லை. மேரிலன்ட் 1867ஆம் ஆண்டு அமைப்பில் சுழற்சியை ஏற்றிருந்தும், தேர்தல்களின் தொகையைக் குறைக்கும் நோக்கோடு 1922இல் ஏற்ற திருத்தத்தினால் அதனை நீக்கியது. 1926 முதல் அங்கு ஆளுநரும் இரு அவைகளும் நான்காண்டுக்கு ஒருமுறை ஒருங்கே தெரியப்படுகின்றனர். அலபாமாவும் அவ்வாறே. இவ்விரண்டும் சனாதிபதித் தேர்தலுக்கு இடைப்பட்ட இரட்டைப்பட ஆண்டில் வாக்களிப்பன. லூசியானாவும் மிசிசிப்பியும் சனாதிபதித் தேர்தலுக்கு முந்திய ஒற்றைப்பட ஆண்டில் இரு அவைகளையும் முழுமையாகத் தெரிகின்றன.

இவற்றைக் கூட்டிப் பார்த்தால் தொடக்கத்திற் கூறிய எண்களின் மருமம் ஒருவாறு வெளிப்படும். லூசியானா, மிசிசிப்பி, நியூ ஜேர்சி, வேர்ஜீனியா என்னும் நான்கும் ஒற்றைப்பட ஆண்டுக்குரியன. ஆகவே 2022இல் எஞ்சியவை 46. அலபாமாவும் மேரிலன்டும் சனாதிபதித் தேர்தல் ஆண்டில் வாக்களியா. ஆகவே 2024இல் 44. 2023இல் அந்நான்கு மாநிலங்களின் எட்டு அவைகளும் வந்தன. 2025இலோ நியூ ஜேர்சியின் கீழவையும் வேர்ஜீனியாவின் கீழவையும் மட்டுமே வந்தன. அவ்விரண்டின் மூதவைகளும் 2023இல் தெரியப்பட்டு நான்காண்டுக் காலத்தின் நடுவில் இருந்தன. 2022இல் அவை 88 ஆனதற்குக் கான்சஸ், நியூ மெக்சிக்கோ, தென் கரோலினா ஆகியவற்றின் மூதவைகள் சனாதிபதித் தேர்தல் ஆண்டில் முழுமையாகத் தெரியப்படுதல் காரணம். 2024இல் மிச்சிகன், மினசோட்டா மூதவைகள் வரவில்லை. சுழற்சியற்ற அவைகளே இவ்வாறு அட்டவணையில் தோன்றியும் மறைந்தும் வருவன. சுழற்சியுடைய அவை பாதியளவிலேனும் ஒவ்வொரு தேர்தலிலும் தோன்றும். வட டக்கோட்டாவில் இரு அவைகளுக்கும் நான்காண்டே காலம். நெப்ராஸ்காவின் 49 உறுப்பினர்க்கும் அவ்வாறே. எனினும் சுழற்சி உண்மையால் அவ்விரு மாநிலங்களும் இரட்டைப்பட ஆண்டு எதனையும் தவறவிடுவதில்லை. அலபாமாவும் வட டக்கோட்டாவும் பதவிக்காலத்தில் ஒன்றே. தேர்தல் காணும் ஆண்டுகளின் தொகையிலோ ஒன்று மற்றொன்றன் இருமடங்கு.

இனி, சுழற்சி முறைக்கு இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த இடையூற்றை நோக்குதல் வேண்டும். பழைய நாளில் மூதவைத் தொகுதி என்பது பெரும்பாலும் மாவட்டமே. நியூ ஜேர்சியில் 1844ஆம் ஆண்டு அமைப்பின்படி ஒவ்வொரு மாவட்டமும், சிறிதாயினும் பெரிதாயினும், ஒரு மூதவையினரை மூவாண்டுக்குத் தெரிந்தது. ஆண்டுதோறும் மூன்றிலொரு பங்கினர் விலகினர். மாவட்டத்தின் எல்லை தலைமுறை தலைமுறையாக மாறுவதில்லை. எனவே தன் மூதவையினரை எவ்வாண்டில் தெரியலாம் என்பதில் வாக்காளன் எவனுக்கும் ஐயம் எழவில்லை. 1964 யூன் 15ஆம் நாள் அமெரிக்க மீயுயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்நிலையை மாற்றியது. அலபாமா தன் ஆசனப் பங்கீட்டை 1900ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்மேல் நிறுத்தி அறுபதாண்டு மாற்றாதிருந்தமையால் எழுந்தது ரெனல்ட்ஸ் எதிர் சிம்ஸ் என்னும் அவ்வழக்கு. பிரதம நீதியரசர் ஏள் வாரன் எழுதிய தீர்ப்பின்படி, மாநிலத்தின் இரு அவைகளும் மக்கட்டொகைக்கு ஒப்பவே அமைதல் வேண்டும். மாவட்டத்துக்கு ஒருவர் என்னும் வழக்கு அதனோடு ஒழிந்தது. பத்தாண்டுக்கொருமுறை எடுக்கும் குடிசன மதிப்பின்பின் எல்லா மூதவைத் தொகுதிகளையும் புதிதாக வரைதல் கட்டாயமாயிற்று.

எல்லை அசைந்தபோது சுழற்சியின் குறை வெளிப்பட்டது. எடுத்துக்காட்டாக விஸ்கொன்சினைக் கொள்க. அங்கு மூதவையினர் 33 பேர். இரட்டையெண் தொகுதிகள் 2008இல் வாக்களித்தன. ஒற்றையெண் தொகுதிகள் 2010இல் வாக்களித்தன. 2011இல் எல்லைகள் மாற்றப்பட்டபோது, இரட்டையெண் தொகுதியிலிருந்த ஓர் ஊர் ஒற்றையெண் தொகுதிக்கு மாற்றப்பட்டதெனக் கொள்வோம். அவ்வூரார் 2008இல் வாக்களித்தவர். 2012இல் வாக்களிக்க வேண்டியவர். ஆனால் புதிய தொகுதியின் முறை 2014இலேயே வரும். நான்காண்டுக் காலமுடைய அவைக்கு அவர்கள் ஆறாண்டு காத்திருத்தல் வேண்டும். இந்நிலைக்கு ஆளானோர் ஏறக்குறைய 3 இலட்சம். வழக்குத் தொடரப்பட்டது. எல்லை மாற்றத்தில் இத்தகைய தற்காலிகத் தாமதம் ஓரளவு தவிர்க்கவியலாதெனக் கொண்ட சமஷ்டி நீதிமன்றம், இக்காரணத்தின்மேல் வரைபடத்தைத் தள்ளவில்லை. கலிபோர்னியாவிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கு மூதவை 40 பேரைக் கொண்டது. 2011ஆம் ஆண்டு எல்லை மாற்றத்தால் சில பகுதியினர்க்குத் தாம் தெரிந்த மூதவையினர் எவருமே இலராயினர். வேறு சில பகுதியினர்க்கோ இருவர் உளராயினர். முன்னையோரின் அலுவல்களைக் கவனிக்க மூதவையின் விதிக்குழு வேறு உறுப்பினரை ஒதுக்கியது. வாக்காளன் தெரியாத பிரதிநிதியை அவை தெரிந்து கொடுத்தல் என்பது, பிரதிநிதித்துவத்தின் பொருட்டுப் புரட்சி செய்த நாட்டில் நிகழத்தக்கதோ என எண்ணத் தோன்றும்.

சில மாநிலங்கள் இக்குறையை ஏற்று அமைந்தன. வேறு சில அதற்கு மருந்து தேடின. பெரும்பாலும் கையாளப்பட்ட மருந்து, எல்லை மாறியதும் மூதவை முழுவதையும் ஒருங்கே தெரிந்துவிடுதல். அவ்வாறு செய்தால் பத்தாண்டை நான்கால் வகுக்கவேண்டிய இடர் எழுகின்றது. மீதி இரண்டு வரும். அவ்விரண்டை எங்கே வைப்பது என்பதே வினா. பிலடெல்பியாவில் ஏழுக்கும் ஆறுக்கும் இடையே நிகழ்ந்தது போன்ற கணக்கு மீண்டும் வந்தது. 1966இல் திருத்தப்பெற்ற நியூ ஜேர்சி அமைப்பின்படி மூதவை முழுவதும் முதலில் ஈராண்டுக்கும், பின் இருமுறை நான்காண்டுக்கும் தெரியப்படுகின்றது. 2021, 2023, 2027 என அதன் தேர்தல் ஆண்டுகள் அமைவது அதனாலேயே. மினசோட்டா மூதவையும் இவ்வழிப்பட்டதே. 2020, 2022, 2026 என்பன அதன் ஆண்டுகள். ஆகவே 2020இல் வாக்குச்சீட்டில் இருந்த அவ்வவை 2024இல் இல்லை. இரண்டும் சனாதிபதித் தேர்தல் ஆண்டுகளே. மிச்சிகனோ 1963ஆம் ஆண்டு அமைப்பில் மூதவை முழுவதையும் ஆளுநர் தேர்தலோடு நான்காண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொண்டது.

1970ஆம் ஆண்டு அமைப்பை எழுதிய இலினோய் மக்கள் இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டனர். சுழற்சியையும் விடவில்லை, எல்லை மாற்றத்தின்பின் முழுத் தேர்தலையும் விடவில்லை. மூதவைத் தொகுதிகள் 59உம் மூன்று கூட்டங்களாகும். ஒரு கூட்டம் நான்கு, நான்கு, இரண்டு ஆண்டுகள். மற்றொன்று நான்கு, இரண்டு, நான்கு. பிறிதொன்று இரண்டு, நான்கு, நான்கு. 2022இல் எல்லாரும் தேர்தலுக்கு வந்தனர். 2024இல் ஒரு கூட்டம்; 2026இல் இரு கூட்டம்; 2028இல் இரு கூட்டம்; 2030இல் ஒரு கூட்டம் என இது நடக்கும். லிங்கன் நின்ற மாநிலத்தில் இக்கணக்கு வகுக்கப்பட்டது பொருத்தமே. ஆயினும் தன் ஊர் எக்கூட்டத்தைச் சேர்ந்ததென அறிந்து வைத்திருக்கும் வாக்காளர் பலர் இரார்.

ரெக்சாஸ் பழைய திருவுளச்சீட்டையே நம்பியிருக்கின்றது. 1876ஆம் ஆண்டு அமைப்பின்படி, எல்லை மாற்றத்தின்பின் 31 மூதவையினரும் ஒருங்கே தெரியப்பட்டு, அவை கூடியதும் சீட்டெடுத்துக்கொள்வர். ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு ஈராண்டு, ஏனையோர்க்கு நான்காண்டு. 2023 ஜனவரியிலும் இது நடந்தது. கையில் வருவது வெறும் ஈராண்டு வேறுபாடு அன்று. நான்காண்டு பெற்றவர் இடையில் வரும் தேர்தலில் காங்கிரசு ஆசனத்துக்கோ ஆளுநர் பதவிக்கோ போட்டியிட்டுத் தோற்றாலும் தம் மூதவை ஆசனத்தை இழக்கார். ஈராண்டு பெற்றவர்க்கு அவ்வாய்ப்புக் குறைவு. மக்களின் வாக்கினால் ஒரே நாளில் ஒரே தகுதியோடு வந்தவர்களைச் சீட்டு இவ்வாறு வேறுபடுத்துகின்றது. டெலவெயரின் 1776ஆம் ஆண்டு விதியை நினைப்போர்க்கு இது குறைபாடாகவே தோன்றும்.

சுழற்சியை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் எளியன அல்ல. அனுபவமுடையோர் எக்காலத்தும் அவையில் இருப்பர். ஓராண்டின் கொதிப்பு மாநிலத்தின் சட்டங்களை முற்றாகப் புரட்டிவிடாது. சமஷ்டி மூதவையைப்பற்றி ஜேம்ஸ் மடிசன் எடுத்துரைத்த காரணங்கள் மாநில மூதவைக்கும் ஓரளவு பொருந்தும். ஆயினும் சமஷ்டி மூதவைக்கு ஒரு வசதியுண்டு. அதன் தொகுதி மாநிலமே. மாநிலத்தின் எல்லை குடிசன மதிப்பினால் அசைவதில்லை. மாநில மூதவைக்கு அவ்வசதி 1964இற்குப் பின் இல்லை. அசையும் தொகுதிமேல் அசையாத வகுப்பை நிறுத்தும்போது சிலரின் வாக்கு ஒத்திவைக்கப்படுகின்றது; அச்சிலர் யாரென்பதை எல்லை வரைவோரே முடிவு செய்கின்றனர். அவ்வேலை ஒரு கட்சியின் கையில் இருக்கும் மாநிலத்தில் இதனைச் சிறு குறை எனக் கொள்ளுதல் அரிது.

அண்மைக்காலச் சான்றும் விஸ்கொன்சினே. 2011இல் வரையப்பட்டுப் பின்னரும் பெருமாற்றமின்றித் தொடர்ந்த தொகுதி அமைப்பின்கீழ், இரு கட்சிகளும் ஏறக்குறைய ஒத்த வலிமையுடைய அம்மாநிலத்தில் குடியரசுக் கட்சி மூதவையில் மூன்றிலிரு பங்குவரை பெற்றிருந்தது. 2023 டிசம்பரில் மாநில மீயுயர் நீதிமன்றம் அத்தொகுதிகளைத் தள்ளியது. சில தொகுதிகள் துண்டு துண்டாகக் கிடந்தமையே அதற்குக் காட்டப்பட்ட காரணம். எல்லா மூதவை ஆசனங்களுக்கும் 2024இலேயே தேர்தல் வைக்குமாறு வழக்காளர் வேண்டினர். நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. ஒற்றையெண் தொகுதியினர் 2022இல் நான்காண்டுக்குத் தெரியப்பட்டோர் என விடுத்தது. 2024 பெப்ரவரியில் புதிய வரைபடத்தில் ஆளுநர் ரோனி எவர்ஸ் ஒப்பமிட்டார். அவ்வாண்டு நவம்பரில் கீழவையின் 99 ஆசனங்களும் மூதவையின் இரட்டையெண் ஆசனங்கள் 16உம் தேர்தலுக்கு வந்தன. மூதவையிற் சனநாயகக் கட்சி நான்கு ஆசனங்களை மேலதிகமாக வென்றது. ஆயினும் பெரும்பான்மை மாறவில்லை. குடியரசுக் கட்சிக்கு 18, சனநாயகக் கட்சிக்கு 15. தள்ளப்பட்ட பழைய எல்லைகளின்கீழ்த் தெரியப்பட்ட பதினெழுவர் தம் ஆசனங்களில் தொடர்ந்திருந்தனர். அவர்களின் ஒற்றையெண் தொகுதிகள் புதிய எல்லைகளோடு மக்கள் முன் வரும் முறை, சுழற்சிக் கணக்கின்படி, 2026 நவம்பருக்கு உரியது.